நோட்டில் 0.5 என்றால் குழாயிலும் 0.5 இருக்குமா?

கேள்வி: நான் ஒரு பேரூராட்சியின் வார்டு உறுப்பினர். எங்கள் ஊரில் சுமார் 15,000 பேர் இருக்கிறோம். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தினமும் 9 லட்சம் லிட்டர் தருவதாகக் குடிநீர் வடிகால் வாரியம் சொல்கிறது. என் வார்டுக்கோ நான்கு நாளைக்கு ஒரு முறை, ஒன்றரை மணி நேரம்தான் தண்ணீர். நாலு பேர் உள்ள வீட்டில் 500 லிட்டர் பிடித்தாலே பெரிது. கடைசித் தெருவில் முதல் பத்து நிமிடம் சாக்கடை வாடை அடிக்கிறது. போன மாதம் அந்தத் தெருவில் ஏழெட்டுப் பேருக்கு வயிற்றுப்போக்கு. செயல் அலுவலர் வாரியத்தைக் கேட்கச் சொல்கிறார். வாரியத்திலோ, "உங்கள் தொட்டி வரைக்கும் தண்ணீர் சுத்தம், அதற்குப் பிறகு உங்கள் பாடு" என்கிறார்கள். டேங்க் ஆபரேட்டரின் நோட்டில் எல்லா நாளும் குளோரின் 0.5 என்று இருக்கிறது. இதற்கிடையில் குடிநீர்க் கட்டணத்தை உயர்த்த மன்றத்தில் தீர்மானம் வரப்போகிறது. நான் கை தூக்கலாமா? மின்சாரத்துக்கு இருப்பதுபோல் குடிநீருக்கும் ஒழுங்குமுறை ஆணையம் உண்டா? இருந்தால் அங்கேயே போய்விடுகிறேன்.

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது சாக்கடை வாடை அல்ல; அது பல ஊர்களில் உண்டு. உறுத்தியது அந்த 0.5, அதாவது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் தண்ணீரில் மிஞ்சியிருக்கிறது என்ற எண். மழை பெய்த நாளிலும், மோட்டார் பழுதாகி டேங்கில் பாதித் தண்ணீர் நின்ற நாளிலும், புது பிளீச்சிங் பவுடர் மூட்டை பிரித்த நாளிலும், பழைய மூட்டையைச் சுரண்டிய நாளிலும் குளோரின் அளவு ஒரே மாதிரி இருக்காது. இருப்பதாக ஒரு நோட்டு சொன்னால் யாரும் அளக்கவில்லை என்றுதான் பொருள்.

இந்த வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) காலை பத்து மணிக்கு டேங்கடிக்குப் போய் நோட்டைப் புரட்டினேன். அன்றைய தேதிக்கு 0.5. பக்கத்தைத் திருப்பினால் மறுநாள் தேதிக்கும் 0.5. ஆபரேட்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "நாளைக்குச் சொந்தத்துல ஒரு கல்யாணம் சார்" என்றார். அவரிடம் குளோரின் பார்க்கும் குளோரோஸ்கோப் டப்பாவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நோட்டு மட்டும் வருடா வருடம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

இதைச் சிரித்துவிட்டு விடலாம்தான். ஆனால் இதே 0.5 ஒரு ஊரில் உயிர்களைப் பலிவாங்கியிருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர், 5,000 பேர் போல இருப்பார்கள். அதாவது உங்கள் பேரூராட்சியில் மூன்றில் ஒரு பங்கு. 2000 மே மாதம் அங்கே பலத்த மழை. பக்கத்துப் பண்ணையில் போட்டிருந்த மாட்டுச் சாணம் மழைநீரோடு ஆழமில்லாத ஒரு குடிநீர்க் கிணற்றில் இறங்கிவிட்டது. ஈகோலை கிருமியில் கொடிய வகை ஒன்றும் அதோடு சேர்ந்து வந்தது. போதுமான குளோரின் இருந்திருந்தால் பெரும்பாலும் செத்திருக்கும். இல்லை. சுமார் 2,300 பேர் படுத்தார்கள், 7 பேர் இறந்தார்கள்.

பிறகு நீதிபதி டென்னிஸ் ஓகானர் தலைமையில் விசாரணை நடந்தது. ஊழியர்கள் பல வருடங்களாகக் குளோரினை அளக்காமலேயே தினசரித் தாளில் 0.5, 0.75 என்று எழுதி வந்திருக்கிறார்கள். மாதிரி எடுத்த இடத்தையும் மாற்றி எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஊர் மேல் பகை ஏதும் கிடையாது. கிணற்றடியில் மருந்து கலக்காத தண்ணீரை அவர்களே விரும்பிக் குடித்தார்கள். குளோரின் வாடை பிடிக்கவில்லை என்று ஊர்க்காரர்கள் குறைப்பட்டதால் குறைத்தும் போட்டார்கள். உங்கள் ஊரிலும் "மருந்து வாடை அடிக்குது, காபி நல்லா இல்ல" என்று யாராவது கவுன்சிலரிடம் வந்திருப்பார்கள். இனி வந்தால், அவர் வீட்டுக் குழாய் வரை மருந்து வருகிறது என்று உங்களுக்கு நீங்களே ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். அது கெட்ட செய்தி இல்லை.

விசாரணை ஊழியர்களோடு நிற்கவில்லை. பரிசோதனைக் கூடம் தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லியிருந்தது. யாரிடம்? தண்ணீர் விடும் நிர்வாகத்திடம் மட்டும். சுகாதார அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று அப்போது சட்டத்தில் கட்டாயம் இல்லை. நிர்வாகம் அதை மறைத்தது. சுகாதார அதிகாரி கேட்டபோதும் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே பதில். கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்ற அறிவிப்பு வருவதற்குள் பல நாள் போய்விட்டது. தண்ணீர் விடுகிறவரே அது நல்ல தண்ணீர் என்று சான்றும் தருகிற ஏற்பாட்டில்தான் கோளாறு. அதற்குப் பிறகு 2002-இல் ஒன்டாரியோ பாதுகாப்பான குடிநீருக்கென்றே தனிச் சட்டம் போட்டது. கிருமி கண்டால் ஆய்வகம் நேராக அரசுக்கும் சுகாதார அதிகாரிக்கும் சொல்லியாக வேண்டும். குழாய் இயக்குபவருக்கு உரிமச் சான்று வேண்டும். இன்னொன்று உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும்: உள்ளூர் மன்ற உறுப்பினர்களும் குடிநீர் விஷயத்தில் உரிய அக்கறை காட்ட வேண்டியது அங்கே சட்டக் கடமை. தவறினால் அபராதமும் சிறையும் உண்டு.

இங்கே அப்படி இல்லை. உங்கள் ஆணையக் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: தமிழ்நாட்டில் குடிநீருக்கென்று தனி ஒழுங்குமுறை ஆணையம் கிடையாது. மகாராஷ்டிரம் 2005-இல் நீர்வள ஒழுங்குமுறை ஆணையம் ஒன்றைச் சட்டத்தின் மூலம் அமைத்தது. அதுவும் அணை, ஆறுகளிலிருந்து மொத்தமாக எடுக்கும் தண்ணீரின் பங்கீட்டையும் விலையையும் பார்ப்பது, தெருக்குழாயைப் பார்ப்பதற்கு அல்ல. குடிநீரின் தரத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 இருக்கிறது. இப்போது நடப்பது 2012-ஆம் வருடத் திருத்தம். 100 மில்லி தண்ணீரில் ஈகோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது, குழாய் முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்கிறது அது. நல்ல தரம்தான். ஆனால் கேன் தண்ணீர் விற்கிறவர் தரம் தவறினால் உணவுப் பாதுகாப்புத் துறை வழக்குப் போடும். குழாய்த் தண்ணீர் தரம் தவறினால் உள்ளாட்சி மீது வழக்குப் போட அப்படி ஒரு துறை இல்லை. குடிக்கிறவர் பெரும்பாலும் ஏழை என்பதால் இந்த ஓட்டை இவ்வளவு காலம் அடைபடாமல் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆணையம் இல்லை என்பதற்காகப் பொறுப்பாளி இல்லை என்று ஆகிவிடாது. வாரியம் 1970-ஆம் வருடச் சட்டத்தில் பிறந்து 1971 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது. சென்னைப் பெருநகர் தவிர்த்த தமிழ்நாட்டுக்கு ஆற்றிலோ கிணற்றிலோ எடுத்து, சுத்தப்படுத்தி, ஊர் தொட்டியில் கொண்டுவந்து விடுவது கூட்டுத் திட்டத்தில் அதன் வேலை. தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய் வரை உள்ளாட்சியின் வேலை. அரசியல் சட்டத்தின் 12-ஆம் அட்டவணையும் குடிநீர் வழங்கலை நகர உள்ளாட்சியின் பொறுப்புகளில் சேர்த்திருக்கிறது. ஆகவே வாரியம் உங்களிடம் சொன்னது சட்டப்படி சரி. செயல் அலுவலர் சொன்னதுதான் சரியில்லை. நிதி இல்லை என்று அவர் சொன்னால், 1980-இல் ரத்லாம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவுபடுத்துங்கள். சாக்கடை, கழிப்பிடம் பற்றிய வழக்கு அது. பணமில்லை என்று சொல்லிச் சுகாதாரக் கடமையிலிருந்து நகராட்சி நழுவ முடியாது என்று தீர்ப்பானது.

ஆனால் வாரியம் சொன்னதை அப்படியே நம்பவும் வேண்டாம். ஒரே நாளில், ஒரே மணி நேரத்துக்குள், இரண்டு இடத்தில் மாதிரி எடுக்கச் செய்யுங்கள்: வாரியத்தின் தண்ணீர் உங்கள் தரைமட்டத் தொட்டியில் விழும் இடம் ஒன்று, கடைசித் தெருவில் கடைசி வீட்டுக் குழாய் இன்னொன்று. முதல் இடத்தில் கிருமி இல்லாமல் இரண்டாவதில் இருந்தால் குற்றம் உங்கள் குழாயில். இரண்டிலும் இருந்தால் வாரியத்தோடு பேச உங்கள் கையில் ஆவணம் இருக்கும். கிருமிப் பரிசோதனைக்கு வீட்டுப் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் செல்லாது. ஆய்வகமே கிருமி நீக்கிய பாட்டில் தரும். தண்ணீரிலுள்ள குளோரின் பாட்டிலுக்குள்ளும் வேலை செய்துகொண்டிருக்காமல் இருக்க அதற்குள் மருந்து போட்டிருக்கும், அதைக் கழுவிவிடாதீர்கள். பிடித்ததை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. கட்டணம் கட்டிப் பொதுமக்களும் கொடுக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. யாராவது டி.டி.எஸ். மீட்டரை முக்கிக் காட்டி "பாருங்க, 180தான், நல்ல தண்ணி" என்றால் நம்பாதீர்கள். அது உப்பை அளக்கும் கருவி, கிருமியைக் காட்டாது. சாக்கடை கலந்த ஆற்றுத் தண்ணீருக்கும் 180 காட்டலாம். ஆர்.ஓ. விற்க வருகிறவர்கள் இந்த மீட்டரை வைத்தே ஊரைப் பயமுறுத்துவதும், அதே மீட்டரை வைத்தே நிர்வாகம் ஊரைச் சமாதானப்படுத்துவதும் நான் ரசிக்கிற வேடிக்கை.

அந்தப் பத்து நிமிடச் சாக்கடை வாடைக்கு வருகிறேன். தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகும். காலியாகும் குழாய் உறிஞ்சும். விரிசலோ தளர்ந்த இணைப்போ சாக்கடைக்குப் பக்கத்தில் இருந்தால் சாக்கடையை உறிஞ்சும். மேட்டுத் தெருவில் நாலு வீடு குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டினால் தண்ணீர் ஓடும்போதே இந்த உறிஞ்சல் நடக்கும். அடுத்த முறை தண்ணீர் திறந்ததும் உள்ளே போனதுதான் முதலில் வெளியே வரும். கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாட்டில் ஒரு பகுதிக்கு இருபத்துநான்கு மணி நேரமும், மற்ற பகுதிக்குச் சில நாளுக்கு ஒரு முறையும் தண்ணீர் விட்டபோது ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். எப்போதும் வரும் குழாயில் நூற்றில் ஒரு மாதிரியில்கூட ஈகோலை தேறவில்லை. விட்டுவிட்டு வரும் குழாயில் நூற்றுக்கு முப்பதைத் தாண்டியது. இரண்டு பகுதிக்கும் தொட்டியிலிருந்த தண்ணீரின் தரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

அதனால் உங்கள் ஊருக்கு அவசரம் இன்னொரு சுத்திகரிப்பு இயந்திரம் அல்ல. கடைசித் தெருவில் சாக்கடைக்குள்ளும் சாக்கடையை ஒட்டியும் போகிற வீட்டு இணைப்புகளை ஆள் வைத்து நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் பத்தாமல் மக்கள் பள்ளம் தோண்டிக் குழாயை இறக்கியிருப்பார்கள். மழைக்கு அந்தப் பள்ளம் நிரம்பும், நிரம்பியது குழாய்க்குள் போகும். முதலில் மூட வேண்டியது அதை. அதுவரை முதல் பத்து நிமிடத் தண்ணீரை வாசல் தெளிக்கவும் கழிப்பறைக்கும் பிடியுங்கள், குடிப்பதைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று தெருவில் வீடு வீடாகச் சொல்லுங்கள். ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

இனி அளவு. 9 லட்சம் லிட்டரை 15,000 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 60 லிட்டர். பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு 70 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999 குடிநீர்க் கையேடு சொன்ன கணக்கு. அதற்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் நாலு பேர் வீட்டில் நாலு நாளைக்கு 500 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளைக்கு 31 லிட்டர். உங்கள் வார்டு மற்ற வார்டுகளைப் போன்றதுதான் என்றால் பாதித் தண்ணீர் வழியிலேயே காணாமல் போகிறது. உங்கள் வார்டுக்கு மட்டும் இப்படி என்றால் வேறு வார்டு உங்கள் பங்கைக் குடிக்கிறது. எது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆலோசனை நிறுவனம் வேண்டாம். ஒரு இரவு டேங்கை நிரப்பி, வெளிப்போக்கு வால்வைத் திறந்து வைத்து, தெரு வால்வுகளை எல்லாம் மூடிவிட்டு, பன்னிரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் டேங்கின் மட்டத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். இறங்கியிருந்தால் பிரதானக் குழாயில் ஒழுக்கு, அல்லது அந்த வால்வுகளில் ஏதோ ஒன்று சரியாக மூடவில்லை. இறங்கவில்லை என்றால் தெருக்குழாய் ஒழுக்கும் திருட்டு இணைப்பும் மோட்டாரும் வால்வுத் திறப்பும்தான் மிச்சம். எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடம் என்று வால்வைத் திருகுகிறவர் தீர்மானிக்கிறார். நீங்கள் தேடுகிற ஒழுங்குமுறை ஆணையம் இப்போதைக்கு அவர் கையிலுள்ள அந்தச் சாவிதான். தெருவாரியாகத் திறந்த நேரம், மூடிய நேரம் இரண்டையும் எழுதி டேங்கடியில் ஒட்டச் சொன்னால் பாதிப் பஞ்சாயத்து தீர்ந்துவிடும்.

கட்டணத் தீர்மானத்துக்குக் கை தூக்கலாமா என்றால், தூக்குங்கள், ஆனால் வெறுங்கையாகத் தூக்காதீர்கள். ஊருக்குத் தண்ணீர் கொடுக்க ஆகும் மின்கட்டணமும் வாரியத்துக்குக் கட்டும் தொகையும் கூடிக்கொண்டே போக, கட்டணம் மட்டும் அப்படியே நின்றால் முதலில் வெட்டு விழுவது பிளீச்சிங் பவுடருக்கும் பழுது பார்ப்புக்கும்தான். குடிநீர்ச் செலவைக் கட்டணத்திலேயே முழுதும் ஈட்ட வேண்டும் என்று மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2008-இல் சேவைத் தர அளவுகோல் வெளியிட்டது. வருவாய் வராத தண்ணீர், அதாவது ஒழுகியும் திருடப்பட்டும் கட்டணம் வராமல் போவது, 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் அதே அளவுகோலில் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மன்றத்துக்கு வருவார்கள். இரண்டாவது பாதியை நீங்கள் எடுத்து வையுங்கள்: டேங்குக்குள் வரும் குழாயில் மீட்டர், மாதத்துக்கு இரண்டு முறை கடைசிக் குழாயில் கிருமிப் பரிசோதனை, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. இம்மூன்றையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லி, எழுதினால் ஆதரவு என்று சொல்லுங்கள். எழுத மறுத்தால் உங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

முடிவை ஆய்வகத்திலிருந்து பேரூராட்சிக்கு மட்டும் அனுப்ப வைக்காதீர்கள். வாக்கர்டன் கற்றுக்கொடுத்தது அதுதான். ஒரு நகல் வட்டார சுகாதார ஆய்வாளருக்கு நேராகப் போகட்டும். அவர் உங்கள் ஊர் நிர்வாகத்தின் கீழ் வேலை செய்பவர் இல்லை, மக்கள் நல்வாழ்வுத் துறையின் ஆள். குளோரின் பார்ப்பது அவருடைய வழக்கமான வேலைகளில் ஒன்று. 1939-ஆம் வருடப் பொதுச் சுகாதாரச் சட்டமும் குடிநீர் விஷயத்தில் அந்தத் துறைக்கு அதிகாரம் தருகிறது. தண்ணீர் விடாமல் தண்ணீரைச் சோதிக்க மட்டும் உரிமை உள்ளவர் நம் ஏற்பாட்டில் அநேகமாக அவர் ஒருவர்தான். வயிற்றுப்போக்கு வந்த ஏழெட்டுப் பேரின் தெருவையும் தேதியையும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஆபரேட்டரைத் தயவுசெய்து மன்றத்தில் நிற்கவைத்துத் திட்டாதீர்கள். அவருக்கு என்ன சம்பளம், எத்தனை டேங்க், மழையில் ஏணி ஏற யார் துணை என்று முதலில் கேளுங்கள். பிறகு பவுடரைப் பாருங்கள். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்று வழக்கமாகச் சொல்கிற கணக்குப்படி லட்சம் லிட்டர் டேங்குக்கு 400 கிராம். புது பவுடரில் மூன்றில் ஒரு பங்கு போலக் குளோரின் இருக்கும், லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் சேரும். வாய் கட்டாத மூட்டை ஈரம் பட்டு ஒரு மழைக்காலம் கிடந்தால் அதே 400 கிராமில் நாற்பது கிராம்கூடத் தேறாது. அவர் ஒழுங்காகத்தான் போட்டிருப்பார், போட்டது சுண்ணாம்பாகியிருக்கும். வாளியில் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் டேங்க் நிரம்பும்போதே ஊற்ற வேண்டும். அரைமணி நேரமாவது கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும்.

குளோரோஸ்கோப் டப்பாவின் விலை பெரிதில்லை, நீங்களே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். மஞ்சளாகிற நிறத்தைக் கண்ணாடித் தட்டோடு ஒப்பிட்டுப் படிப்பது. மருந்து விட்ட சில விநாடிக்குள் படித்துவிடுங்கள், தாமதித்தால் நிறம் ஏறி ஏமாற்றும். படித்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள், குடத்துக்குள் திருப்பி ஊற்றிவிட வேண்டாம். மருந்துப் புட்டியை வெயில் படாமல் வையுங்கள், வாங்கும்போது தேதி பாருங்கள். முதல் மூன்று வாரம் தண்ணீர் வரும் ஒவ்வொரு முறையும் கடைசி வீட்டுக் குழாயில் இரண்டு தடவை படியுங்கள்: திறந்த உடனே ஒன்று, அரைமணி கழித்து ஒன்று. அந்த எண்களை, 0.5 வந்தாலும் பூஜ்யம் வந்தாலும், எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன என்று அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.